பத்து மீட்டர் இல்லாத வல்லரசு

ஒலிம்பிக்கில் குறைந்த இடம் கேட்கும் விளையாட்டுகளில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளும் ஒன்று. மைதானம் வேண்டாம். புல்தரை வேண்டாம். நீச்சல் குளம் வேண்டாம். மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது. சுடுகிறவர் நிற்கக் கொஞ்சம் தரை, எதிரே பத்து மீட்டரில் ஒரு சுவர், சுவரில் ஓர் அட்டை. அவ்வளவுதான். எந்தத் தாலுகா ஆபீஸ் வராந்தாவும் இதைவிட நீளம். அங்கே மக்கள் மனுவோடு நிற்கிறார்கள். அதுவும் ஒருவகைக் குறிபார்த்தல்தான். இதுவரை யாருக்கும் பட்டதில்லை.

அந்தப் பத்து மீட்டர் நம் அரசாங்கங்களிடம் இல்லை. நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் 2023-ல் இறங்கிவிட்டோம். பூமியில் பத்து மீட்டர் கேட்டால், கோப்பு பரிசீலனையில் இருக்கிறது.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம், கர்நாடகத்தின் குண்டலுபேட்டை. தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊட்டியில் இருந்து முதுமலை, பந்திப்பூர் காட்டைக் கடந்து மைசூர் போகிறவர்கள் டீக்கு நிற்கும் ஊர். சாலையோரச் சூரியகாந்தி வயலில் காரை நிறுத்தி, விவசாயி போட்ட பயிருக்குள் இறங்கி, நாலு செடியை மிதித்துவிட்டு செல்ஃபி எடுப்போமே, அந்த ஊர். இரவு 9 மணிக்குக் காட்டுச் சாலை மூடிவிடும். காலை 6-க்குத்தான் திறக்கும். 2009-ல் இருந்து இதுதான் நிலை. புலிக்கும் யானைக்கும் தூக்கம் வேண்டும் என்று அரசு நினைத்தது. நல்ல நினைப்பு. மனிதருக்கும் சில விஷயங்கள் வேண்டும் என்று நினைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

ஊர் மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் ஆக்கினார்கள். அப்போதைய முதலமைச்சர் ஜே.எச். படேல் புது மாவட்டத்தைத் தொடங்கிவைத்தது மாவட்டத் தலைநகரில் இருந்து அல்ல, மாதேஸ்வரன் மலையில் இருந்து. ஏன் தெரியுமா? சாமராஜநகர் ஊருக்குள் கால் வைக்கிற முதலமைச்சருக்கு நாற்காலி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அதற்குப் பயந்து பல முதலமைச்சர்கள் பல ஆண்டுகள் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. சித்தராமையா வந்துதான் அதை உடைத்தார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. குடிமகன் என்றுதானே சொல்கிறது? முதலமைச்சர் என்று இல்லையே.

சரி. இந்த ஊரில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பெயர் வந்தால் அவன்மேல் ஒரு கோப்பு திறந்துவிடுவார்கள். பையன் கற்பனை. அவனைச் சுற்றி இருக்கிற எதுவும் கற்பனை இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் போனில் பார்த்தவன் அவன். இந்தியாவுக்கு மொத்தம் 6 பதக்கம். அதில் 3 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. மனு பாக்கருக்கு ஒன்று. அவரும் சரப்ஜோத் சிங்கும் சேர்ந்து ஒன்று. ஸ்வப்னில் குசாளேக்கு ஒன்று. 140 கோடிப் பேர் நாட்டின் பாதிப் பதக்கம் குழல் வழியாக வந்திருக்கிறது. நமக்கும் வரும் என்று பையன் நம்பினான். நம்பிக்கைக்கு இன்னும் லைசென்ஸ் கேட்கவில்லை.

முதலில் வாங்கியது பால்ரஸ் சுடும் துப்பாக்கி. சைக்கிள் சக்கரத்துக்குள் கிடக்குமே, அந்த இரும்புக் குண்டுதான். மலிவு. வீட்டுக்குள் சுட்டபோது சங்கதி தெரிந்தது. குழலுக்குள் முறுக்குக் காடி இல்லை. குண்டு சுழலாமல் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் அதன் இஷ்டம். இரும்பு நசுங்காது. சுவரில் பட்ட வேகத்தில் சுட்டவன் முகத்துக்கே திரும்பி வரும். மேலதிகாரியிடம் கொடுத்த புகார், எவர்மேல் கொடுத்தோமோ அவர் மேஜைக்கே ‘உரிய நடவடிக்கைக்காக’ வந்து சேருகிற மாதிரி.

அதைப் பரண்மேல் போட்டுவிட்டு, பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்றைப் பிடித்தான். தட்டைத் தலை ஈயப் பெல்லட் போடுவது. அட்டையில் கிழிசல் இல்லாமல் வட்டமாகத் துளை விழும். மதிப்பெண் எடுக்கத் தகராறு இல்லை.

ஸ்பிரிங் துப்பாக்கியின் குணம் விசித்திரமானது. குழலை மடக்கி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையைத் தொட்டதும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நசுக்கும். அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளும். பெல்லட் குழலை விட்டு வெளியே போவதற்குள் பிஸ்டன் போய் முட்டித் துப்பாக்கியை உலுக்கிவிடும். அந்த உலுக்கலில் குறி தப்பும். டியூனிங் என்று ஆட்கள் சொல்வது அந்த உலுக்கலை அடக்குகிற வேலை. வேகத்தைக் கூட்டுகிற வேலை என்று நினைக்கிறவன் டியூனிங் தெரியாதவன்.

பையன் தரையில் கோணி விரித்து உட்கார்ந்தான். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப். அது இல்லாமல் பின்பக்கத்தைக் கழற்றினால் ஸ்பிரிங் நெற்றியைப் பதம் பார்க்கும். முன்னால் வைத்திருந்தவர் ஊற்றிய எண்ணெய் உள்ளே கறுப்பாக உறைந்து கிடந்தது. துடைத்து எடுத்தான். ஸ்பிரிங்கின் இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினான். உள்ளே அது ஆடாமல் இருக்க, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகினான். பிஸ்டன் முனையில் காய்ந்து சுருங்கியிருந்த தோல் வாஷரை மாற்றினான். கடைசியாக மாலிப்டினம் கிரீஸ். விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான். கூடினால் வினை. அழுத்தத்தில் சூடாகி, எண்ணெய் உள்ளுக்குள்ளேயே பற்றி வெடிக்கும். பெரிய சத்தம் வரும். புகை வரும். வேகம் அபாரமாக இருக்கும். குறி மட்டும் இருக்காது. நம் ஊரில் அதற்கு அரசு விழா என்று பெயர்.

விசைக்குள் இருக்கும் கொக்கியை அரத்தால் தேய்த்தால் லேசாக இழுக்கலாம் என்று ஒரு புத்திசாலி யோசனை சொன்னான். பையன் கேட்கவில்லை. கொக்கியின் மேல்தோல்தான் கெட்டி. அதைத் தேய்த்துவிட்டால் துப்பாக்கி தானாகக் கிளம்பும். தெரியாததில் கை வைக்காமல் விட்டான். இந்த ஒரு குணத்துக்கே அவனை விளையாட்டுத் துறைக்குச் செயலாளர் ஆக்கலாம்.

கன்னம் படுகிற இடத்தில் ரெக்சின் ஒட்டிக் கட்டையை உயர்த்தினான். முன்பக்கம் ஈயத்துண்டு கட்டினான். எடை கூடினால் ஆட்டம் குறையும். பின்குறிக்கு ஊசித்துளை போட்ட தகடு.

அடுத்தது இடம். சமையலறைச் சுவரில் இருந்து வாசல் நிலைவரை ஐந்து மீட்டர்தான். ஆகவே அட்டையைப் பாதியாகச் சுருக்கினான். சர்வதேச அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அவன் வரைந்தது கால் மில்லிமீட்டர். நாடு இடத்தைச் சுருக்கியது. பையன் புள்ளியைச் சுருக்கினான்.

அட்டைக்குப் பின்னால் தகரப் பெட்டி. பெட்டிக்குள் சாய்வாக ஓர் இரும்புத் தகடு. தகட்டின்மேல் களிமண். சுடும்போது வாசலுக்குத் தாழ்ப்பாள். தங்கை அந்தப் பக்கம் வரக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி. முடிந்ததும் ஈயம் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவல். இத்தனை ஒழுங்கும் ஒரு பையன் தானாக வைத்துக்கொண்டது. ‘பாதுகாப்பு வாரம்’ கொண்டாடிப் பேனர் கட்டி, அந்தப் பேனரை ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் ஆள்மேல் விழ வைக்கிறவர்கள் வந்து பார்த்துப் போகலாம்.

இனி சட்டம். 2016-ன் ஆயுத விதிகள் தெளிவாக இருக்கின்றன. 0.177 அங்குலம், அதாவது சுமார் 4.5 மில்லிமீட்டர் குழல். 20 ஜூல் ஆற்றல். இந்த இரண்டையும் தாண்டாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கிக்கு அதில் பாதி ஆற்றல்கூடத் தேவையில்லை. பையன் விதியைப் படித்திருந்தான். அதுதான் அவன் செய்த குற்றம். காக்கிச் சட்டை ஒருநாள் வாசலுக்கு வந்தது. கன்னடத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன். எந்த மொழியில் நடந்திருந்தாலும் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

‘ஏம்ப்பா, கன் வெச்சிருக்கியாமே?’

‘ஏர் கன் சார். லைசென்ஸ் வேண்டாம்னு ரூல்ல இருக்கு.’

‘ரூல்ல இருக்கட்டும். எங்கிட்ட வந்து சொன்னியா?’

‘சொல்லணும்னு ரூல்ல இல்லையே சார்.’

‘அதான் தப்பு.’

இதற்கு மேல் எந்த உச்ச நீதிமன்றமும் சொல்ல ஒன்றும் இல்லை.

பந்திப்பூர் லேசுப்பட்ட இடம் இல்லை. 1973-ல் புலிகள் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படிப் பாதுகாக்கப்பட்ட காட்டின் எல்லையில் இருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஆயுதத்தோடு குடியிருப்பவர் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பெயர் பதிய வேண்டும். அந்த வளையத்துக்குள் புது லைசென்ஸ் என்றால் அவருடைய ஒப்புதல் வேண்டும். நியாயமான சட்டம். ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு பறவை அடிக்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே தள்ளட்டும். அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் ஏர் கன்களை ஒப்படையுங்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வேட்டையில் வளர்ந்த மக்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசு கேட்டால் மக்கள் கொடுத்துவிடுகிறார்கள். மக்கள் கேட்கும்போதுதான் சிக்கல்.

காட்டை ஒட்டிய கிராமத்தில் யானை வரும், பன்றி வரும். பயிரைக் காக்க லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி, தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். காட்டுப்பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி தெரியாது. அது வழக்கம்போல் கிழங்கு தோண்டும். துப்பாக்கி பத்திரமாக ஸ்டேஷனில் இருக்கும். கள்ளத் துப்பாக்கி வைத்திருக்கும் ரவுடியும் பத்திரமாக வீட்டில் இருப்பான். அவன் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அவனிடம்தான் லைசென்ஸ் இல்லையே!

2025 செப்டம்பரில் குண்டலுபேட்டைத் தாலுகா பொம்மலாபுரத்தில் மக்கள் புலி, புலி என்று கத்தினார்கள். கூண்டு வந்தது. புலி சிக்கவில்லை. பிடிக்க ஆளும் நேரத்துக்கு வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர், தாமதமாக வந்த வனத்துறை ஊழியர்களைப் புலிக்கு வைத்த கூண்டுக்குள் அடைத்தது. சட்டப்படி தப்பு. மனிதப்படியும் தப்பு. உள்ளே போனவர்கள் மாதச் சம்பளத்துக்குக் காட்டில் அலைகிறவர்கள். ஆள் போடாமல், வண்டி கொடுக்காமல் அவர்களை அனுப்பியவர்களுக்கு அளவான கூண்டு இன்னும் செய்யப்படவில்லை.

துப்பாக்கி என்றாலே அரசு மிரளும் என்று நினைத்துவிடாதீர்கள். மைசூருக்கு மேற்கே குடகு. 1861-ல் ஆங்கிலேயர், விசுவாசத்துக்குப் பரிசாக, குடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு கொடுத்தார்கள். குடவர்களும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களும் இன்றும் லைசென்ஸ் இல்லாமல் நிஜத் துப்பாக்கியே வைத்துக்கொள்ளலாம். 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. குடகு மக்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராணுவத் தளபதிகள் கரியப்பாவையும் திம்மய்யாவையும் கொடுத்த மண் அது. துப்பாக்கியைப் பூவைத்துக் கும்பிடுகிறவர்கள், ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். எனக்குக் குறை எல்லாம் நம் நிர்வாகத்தின் தராசைப் பற்றி. வெள்ளைக்காரன் 1861-ல் போட்ட கையெழுத்துக்கு இன்றும் மரியாதை. நம் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின்கீழ் 2016-ல் எழுதிய விதிக்கு ஒரு பீட் கான்ஸ்டபிள்கூட மரியாதை கொடுப்பதில்லை.

மைசூர் தசராவுக்கு வாருங்கள். விஜயதசமி அன்று ஜம்பு சவாரி என்ற யானை ஊர்வலம். 750 கிலோ தங்க அம்பாரி. தேசிய கீதம் ஒலிக்க, 21 பீரங்கிக் குண்டு முழங்கும். அந்தச் சத்தத்தில் யானை மிரளாமல் இருக்க முன்கூட்டியே பீரங்கி வெடித்து ஒத்திகை. குதிரைக்கும் ஒத்திகை. அழகான ஏற்பாடு. யானைக்குச் சத்தம் பழக்க அரசிடம் பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அதே அரசின் துறைகளிடம் போய் ஒரு பெட்டி ஈயப் பெல்லட் கேளுங்கள். தணிக்கை ஆட்சேபணை வரும் என்பார்கள்.

தசராப் பொருட்காட்சியில் பலூன் சுடும் கடை உண்டு. மெரினாவிலும் உண்டு. ஊர்த் திருவிழாவிலும் உண்டு. பலகையில் வரிசையாகப் பலூன். குழல் லேசாகக் கோணிய துப்பாக்கி. இடது ஓரத்துப் பலூனைக் குறிபார்த்தால் நடுப் பலூன் வெடிக்கும். எல்லாவற்றையும் உடைத்தால் ஒரு பிளாஸ்டிக் சீப்பு. தென்னிந்தியப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வாய்த்த ஒரே துப்பாக்கி சுடுதல் பயிற்சி மையம் இதுதான். கோணல் குழலை வைத்து நேராகச் சுடப் பழகுவது முதல் பாடம். இந்த நாட்டில் பிழைக்க வேறு பாடம் எதற்கு?

‘அப்படியானால் பதக்கம் எப்படி வந்தது?’ என்று ஒரு நாற்காலி கேட்கும். எப்படி வந்தது என்று பார்ப்போம்.

2008 ஆகஸ்ட் 11. பெய்ஜிங். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளி எடுத்து, தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். நாடே துள்ளியது. அவர் சுட்டுப் பழகியது எங்கே? அப்பா வீட்டிலேயே கட்டிக்கொடுத்த ரேஞ்சில். நல்ல அப்பா. பணமுள்ள அப்பா. தங்கம் அப்பாவின் செலவில் வந்தது. தேசிய கீதம் அரசின் கணக்கில் ஏறியது.

அதே பிந்த்ரா 2004 ஏதென்ஸில் மூன்றாமவராகத் தகுதி பெற்று, இறுதிச் சுற்றில் ஏழாவதாக முடித்தார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஆடிக்கொண்டிருந்தது பின்னால்தான் தெரியவந்தது. இந்த ஆட்டத்தின் நுணுக்கம் அவ்வளவு. ஒரே ஓர் ஓடு ஆடினால் போதும், நாலு ஆண்டு உழைப்பு போச்சு. ஓடு இருக்கட்டும். நம் ஊர் உள்விளையாட்டு அரங்கங்களில் கூரையே ஆடுகிறது.

இளவேனில் வாலறிவனை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் பிறந்தவர். அகமதாபாத்தில் வளர்ந்தவர். ககன் நாரங் தொடங்கிய தனியார் அகாடமியில் சுடக் கற்றவர். பத்து மீட்டரில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானில் ஆசியச் சாம்பியன் ஆனார். பதக்கம் வந்த அன்று நமக்கு அவர் கடலூர்த் தமிழச்சி. பதக்கம் வராத அன்று குஜராத் வீராங்கனை. கடலூரில் அவர் வயதுப் பெண் ஒருத்தி நாளைக் காலை ரைஃபிள் பிடிக்க ஆசைப்பட்டால் எங்கே போவாள்? இந்தக் கேள்வி வந்தால் மட்டும் மேடையில் மைக் வேலை செய்யாது.

ஸ்வப்னில் குசாளே கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். பாரிஸில் வெண்கலம் வாங்கிய கையோடு ரயில்வே அவரைச் சிறப்புப் பணி அதிகாரியாக உயர்த்தியது. வாழ்க ரயில்வே. அவர் திறமை முந்தின நாள்வரை எந்த பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது? பதவி உயர்வுக் கோப்பை நகர்த்தப் பாரிஸ்வரை போக வேண்டியிருக்கிறது. டெல்லி போதவில்லை.

இதுதான் நம் விளையாட்டுக் கொள்கை. பதக்கத்துக்கு முன்னால் பையன் அப்பாவின் பிள்ளை. பின்னால் தேசத்தின் பிள்ளை. முன்னால் பெல்லட் வாங்கக் காசு கிடையாது. பின்னால் கோடி, வீட்டுமனை, கார், தெருவுக்குப் பெயர். கோடி கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. கோடி கொடுத்தால் போட்டோ வரும். பெல்லட் கொடுத்தால் போட்டோ வராது. கொள்கையின் முழு விளக்கமும் இவ்வளவுதான்.

என்னதான் வேண்டும் என்று பட்டியல் கேட்பார்கள். கேட்கட்டும். நீளம் பத்து மீட்டர். தரையில் இருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அட்டையின் நடு. அட்டைமேல் 1,500 லக்ஸ் வெளிச்சம், நல்ல எல்.இ.டி. விளக்குகள் போதும். குண்டைப் பிடிக்கச் சாய்வுத் தகடு வைத்த பெட்டி. பூட்டி வைக்க ஓர் இரும்பு அலமாரி. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். துப்பாக்கிதான் செலவு. ஜெர்மனியின் வால்தரும் ஃபைன்வெர்க்பாவும் லட்சங்களில் விலை. பத்து மீட்டர் ரைஃபிள் ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. உள்ளே அடைத்த காற்றுதான் தள்ளும், உலுக்கல் இருக்காது. தாலுகாவுக்கு இரண்டு வாங்கிப் பூட்டி வைத்தால் நாற்பது பிள்ளைகள் முறைவைத்துச் சுடலாம். ஓர் அமைச்சர் வாகன வரிசையில் கடைசியாக, ஏன் வருகிறோம் என்றே தெரியாமல் வருகிற இரண்டு இன்னோவாவின் விலையை இதோடு ஒப்பிட வேண்டாம். மனசு வலிக்கும்.

இடமும் உண்டு. ஊருக்கு ஊர் உள்விளையாட்டு அரங்கம் என்ற பெயரில் ஒரு கட்டடம் நிற்கிறது. முகப்பில் திறந்துவைத்தவர் பெயர் கல்லில் பெரிதாக இருக்கும். விளையாடியவர் பெயர் எங்கும் இருக்காது. சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் லீவில் இருப்பார். தேர்தலுக்கு ஓட்டு எந்திரம் வைக்கத் திறப்பார்கள். மழை வெள்ளத்துக்குத் திறப்பார்கள். விளையாட்டுக்குத் திறந்தால் தரை அழுக்காகிவிடுமாம். அந்தத் தரையைப் பராமரிக்க ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகிறார்கள். காலே படாத தரை எப்படித் தேய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் செலவுக்குத்தான் காசு இல்லை. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்குக் காசு இருந்தது. ஒரு டிரெட்மில்லை 45 நாள் வாடகைக்கு எடுக்க 9.75 லட்சம் ரூபாய் என்று அன்றைக்குச் செய்தி வந்தது. ஒரே இடத்தில் ஓடிக்கொண்டே இருக்கிற எந்திரத்துக்கு நம் விளையாட்டு நிர்வாகம் அவ்வளவு கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை; இனப் பாசம். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதிகத் தங்கம் கொடுத்தது துப்பாக்கி சுடுதல். 38-ல் 14. பதினான்கு தங்கத்துக்குப் பிறகாவது தாலுகாவுக்கு ஒரு சுவர் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது விசாரணைக் கமிட்டி.

இப்போது 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வந்திருக்கிறது. 2036 ஒலிம்பிக்கையும் கேட்டு விருப்பக் கடிதம் போயிருக்கிறது. நடத்தட்டும். பிரமாண்டமாக நடத்தட்டும். 2036-ல் பத்து மீட்டர் கோட்டில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு இன்றைக்குப் பத்து, பன்னிரண்டு வயது. ஏதோ ஒரு தாலுகாவில் அரசுப் பள்ளியில் படிக்கிறது. அதன் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிட்டார். அது எந்தத் தாலுகா என்று எந்தத் துறைக்கும் தெரியாது. தேடவும் இல்லை. தொடக்க விழாவின் வாணவேடிக்கைக்கு யாருக்கு டெண்டர் என்று மட்டும் இப்போதே நாலு பேருக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை இத்தனையையும் மீறி வரும். நம் பிள்ளைகள் அப்படித்தான் வருகிறார்கள். அப்பா கடன் வாங்குவார். அம்மா நகையைக் கழற்றுவாள். வாங்கின துப்பாக்கியைப் பிரித்து மேய்ந்து, தானே சரிசெய்து, சுவர் போதாத வீட்டில் புள்ளியைச் சுருக்கிப் பழகி, ஒருநாள் கழுத்தில் பதக்கத்தோடு விமான நிலையத்தில் இறங்கும். அன்றைக்குக் கூட்டத்தை இடித்துக்கொண்டு முதல் ஆளாக மாலையோடு ஓடி வருகிறவரை நன்றாகப் பார்த்து வையுங்கள். ‘நிதி இல்லை’ என்று கோப்பில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.